உபயம்: அழகுபாண்டி

விசுவாசத்தின் விலை அறுபத்திரண்டு லட்ச ரூபாய். வரி தனி.

இது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன விலை இல்லை. கோட்டுப் போட்ட ஒருவர் டிவியில் சுத்தியலால் மேஜையைத் தட்டி, ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்று கேட்டு, ஊர் உலகம் பார்க்க முடித்த விலை. மதுரைக் கபடி அணிக்காக ஐந்து வருடம் பாடிப் பிடித்த அழகுபாண்டியை வடக்கே ஓர் அணி அந்த விலைக்கு ஏலத்தில் எடுத்துவிட்டது. வில்லாபுரத்தில் பேயாண்டியின் டீக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாயில் இருந்த வடை உள்ளே போகவில்லை.

"போயிட்டான்யா" என்றான் சோணை. "காசக் கண்டதும் ஊரையே வித்துட்டுப் போயிட்டான்."

சோணை பிளாட் தரகன். ஒரே பிளாட்டுக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கி, மூன்றாவது ஆளுக்குப் பத்திரம் முடித்துக் கொடுத்த கைராசிக்காரன். அவன் விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கே கண் கலங்கும்.

எதிர்ப் பெஞ்சில் இருந்த பாலசுந்தரத்துக்குக் கண் கலங்கவில்லை, சுருக்கென்றது. அவர் டீக்கடைக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருந்தார். கடையின் பெயர் ரங்கநாயகி பாத்திர மாளிகை. மாளிகையின் அகலம் பத்தடி. சௌராஷ்டிரக்காரர். வீட்டு பாஷையில் எண்ணி, தமிழில் விலை சொல்லி, இரண்டிலும் இல்லாத ஒரு புன்னகையில் பேரத்தை முடிப்பவர். காய்கறிக்காரியிடம் கறிவேப்பிலைக்கும், பல் டாக்டரிடம் பல்லுக்கும் பேரம் பேசிய அந்த மனிதர், வாழ்க்கையில் பேரம் பேசாமல் மனசைக் கொடுத்த ஒரே இடம் அழகுபாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வெறுங்காலோடு வந்து, வில்லாபுரம் மைதானத்தில் நாலு பேர் பிடியை உதறிவிட்டுக் கோட்டைத் தொட்ட அந்தப் பையனை, அவனுடைய பதினேழு வயசிலிருந்து அவர் பார்த்துவருகிறார்.

"மாப்ள, ஏலம் விட்டது லீக்குக்காரன். எடுத்தது வடக்கத்தியான். நடுவுல இவன் என்னத்த வித்தான்? ஏலத்துல போற அண்டாவக் கேட்டுக்கிட்டா விலை வைக்கிறாங்க?"

"அண்டாவுக்கு வாயில்லண்ணே. இவனுக்கு இருக்குல்ல? 'மதுரைய விட்டு வரமாட்டேன்'னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு சுளுக்கிக்கிருமா? எங்க நல்லகாமனப் பாருங்க. ஏழு வருசமா ஒரே டீமு. அதுக்குப் பேருதான் விசுவாசம்."

நல்லகாமன் அதே அணியில் தடுப்பு ஆட்டக்காரன். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். ஆனால் பிடிப்பதற்குள் ஆள் போய்விடும்.

"நல்லகாமன எவன் கேட்டான்?" என்றார் பாலசுந்தரம். "என் கடையில பன்னெண்டு வருசமா ஒரு பித்தளைத் தவலை இருக்கு. ஒரு நாளும் கடையை விட்டு அசைஞ்சதில்ல. அதுக்குப் பேரு விசுவாசமா மாப்ள? அதுக்குப் பேரு போணியாகாத சரக்கு."

பெஞ்சு குலுங்கியது. டீ மாஸ்டர் பேயாண்டி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கையில் ஊற்றிக்கொண்டு சிரித்தான். சோணைக்கு முகம் கறுத்தது. விசுவாசத்தில் அடி வாங்கினவன் தர்மத்துக்குத் தாவினான்.

"சரிண்ணே, அத விடுங்க. அம்புட்டுக் காசு வாங்குறானே, ஊருக்கு என்ன செஞ்சான்? நல்லகாமன் கருப்பு கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிப் போட்டான்."

"போட்டான். லைட்டு முழுக்க 'உபயம் நல்லகாமன்'னு பெயிண்டு. வெளிச்சம் வாரதுக்கு எடமே இல்ல. கருப்பு சாமியே செவுத்தப் பிடிச்சுத் தடவித்தான் போகுது."

"பேரு பெருசோ சிறுசோ, குடுத்தானா இல்லையா? உங்க ஆளு என்ன குடுத்தான்? ஒரு டம்ளர்? ஒரு கரண்டி?"

எல்லோரும் பாலசுந்தரத்தைப் பார்த்தார்கள். பேயாண்டி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் பார்த்தான்.

கல்லாவில் உட்கார்ந்து பாலசுந்தரம் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. 'யக்கா, இது எனக்கே இந்த விலைக்கு அடங்கல' என்று காலையில் சொல்லும் பொய்யிலிருந்து, 'உங்களுக்காக மட்டும்' என்று சாயங்காலம் சொல்லும் பொய் வரை. ஆனால் அந்தப் பொய்கள் எல்லாம் காசைக் கொண்டுவந்து கல்லாவில் போடுகிற பொய்கள். சரக்கை மட்டும் வெளியே அனுப்புகிற பொய்யை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்.

"அவன் மைக்குப் போட்டுக் குடுக்கிறவன் இல்ல மாப்ள. பேரு வேணாம்னுதான் சொன்னான். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நூத்தம்பது சாப்பாட்டுத் தட்டு. ஆர்டர் என் கடையிலதான். நாளைக்குப் போகுது."

சோணை தரகன். எதிராளி முன்பணம் இல்லாமல் பேசுகிறான் என்பது தரகனின் மூக்குக்கு முதலில் தெரியும்.

"அப்படியாண்ணே? ரொம்பச் சந்தோசம். பொங்கலுக்கு நம்ம கபடிப் போட்டிக்கு அவனையே கூப்பிடுவோம். கமிட்டிச் செயலாளர் நாந்தான, கூப்பிட்டா வருவான். மேடையில வச்சு நானே கேக்குறேன். 'நாந்தான் குடுத்தேன்'னு அவன் வாயால சொல்லிட்டான்னா, பஸ் ஸ்டாப்புல பத்துக்கு எட்டு பிளக்ஸ் வைக்கிறேன். என் போட்டோ போட்டு, 'அண்ணன் அழகுபாண்டியின் பாதம் தொடும் அன்புத் தம்பி சோணை'ன்னு."

"சொல்லலைன்னா?"

"உங்க போட்டோ. 'நல்லகாமனின் நிழல், துரோகியை நம்பி ஏமாந்த பாத்திரக்கடை பாலசுந்தரம்.' செலவு உங்களுது. ஒரு மாசம் நிக்கணும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். மதுரையில் ஒரு மனிதன் கடையை இழந்தாலும் அடுத்த தெருவில் கடை போட்டுவிடலாம். எதிராளியின் ஆளைக் கும்பிட்டபடி பத்துக்கு எட்டில் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டால் பிறகு எந்தத் தெருவிலும் நடக்க முடியாது. பாலசுந்தரம் கையை நீட்டினார். சோணை அடித்தான். பந்தயம் முடிந்தது.

மறுநாள் காலையில் கடைக்குள் பெயர் வெட்டும் மெஷின் வண்டுபோலக் கத்திக்கொண்டிருந்தது. சீர்ப் பாத்திரங்களுக்கு 'தாய்மாமன் சீர்' என்று வெட்டிக் கொடுத்துப் பழகிய கையால் பாலசுந்தரம் தட்டுத் தட்டாக 'உபயம்: அழகுபாண்டி' என்று வெட்டினார். நல்லகாமனைப்போல் வெளிச்சத்தை மறைக்காமல், விளிம்பில் சின்னதாக. பேர் வேண்டாம் என்று அவன் சொன்னதாகச் சொல்லியிருந்தாலும், பேர் இல்லாத தட்டைச் சோணை எப்படி நம்புவான்? அதுவும் எல்லாம் மூன்று குழி வைத்த தட்டு. ஊர் ஐந்து குழித் தட்டுக்கு மாறி இரண்டு வருடமாகிறது. மேல் பரணில் தூங்குகிற சரக்கு தர்மத்துக்குப் போனால் அதுவும் ஒரு வியாபாரந்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"யார் வீட்டுக் கல்யாணம்?" என்று மனைவி ரங்கநாயகி வீட்டு பாஷையில் கேட்டாள். அவர் சொன்னார். கோபம் முற்றினால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்துக் கடைக்காரனுக்கும் புரியவேண்டும் என்பதற்காக.

"எனக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கேட்டேன், விலை ஏறிப்போச்சுன்னீங்க. எவனோ தொடையத் தட்டுறான், நீங்க தட்டைக் குடுக்குறீங்க!"

தட்டுகள் பள்ளிக்கூடம் போயின. சோணை கூடவே போய் ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தான், பெயரை விரலால் தடவிப் பார்த்தான், தட்டை அடுக்கில் வைத்துவிட்டு வந்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நேற்றுவரை துரோகி என்று சொன்ன வாய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டன. "உடம்புதான் வடக்க இருக்கு, மனசு இங்கதான்யா இருக்கு" என்றான் பேயாண்டி. இன்னொருவர் செல்போனில் பழைய ஆட்டத்தை ஓடவிட்டு, அழகுபாண்டி கீழே விழுந்த எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவதைக் காட்டி, "இந்தக் கையப் பாருங்க, குடுக்குற கை. அப்பயே எனக்குத் தெரியும்" என்றார். போன மாதம் இதே காட்சியைக் காட்டி 'எதிரி டீமோட இப்பயே உறவாடுறான் பாரு' என்று சொன்னவரும் அவர்தான். இன்னொரு பக்கம், நல்லகாமனிடம் இளவட்டங்கள் போய் "அண்ணே, அவங்க தட்டு குடுத்துட்டாங்க, நாம குழம்பாவது ஊத்தணும்" என்று நச்சரித்ததில், அந்த விசுவாசி வில்லாபுரம் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்து கருப்பு கோயில்காரர்கள் கடைக்கு வந்தார்கள்.

"அழகுபாண்டித் தம்பி உங்ககிட்டதான ஆர்டர் போடுது? அன்னதானத்துக்கு ரெண்டு அண்டா வேணும்னு ஒரு வார்த்த சொல்லி வைங்கண்ணே."

'அவன் நம்பர் என்கிட்ட இல்லை' என்று சொன்னால் பிளக்ஸ். பாலசுந்தரத்திடம் அழகுபாண்டியின் நம்பர் மட்டுமல்ல, சேர்ந்து எடுத்த ஒழுங்கான போட்டோகூடக் கிடையாது. இருந்த ஒன்றிலும் எவனுடைய முழங்கையோ அவர் மூக்கை மறைத்திருந்தது. இரண்டு நாள் கழித்து அண்டாக்கள் கோயிலுக்குப் போயின. இந்தத் தடவை பரணில் தூங்கிய சரக்கு இல்லை, முழிப்பான சரக்கு.

மார்கழி பாதியில் ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் கடைக்குள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த முகம். மடித்த பையை அக்குளில் இடுக்கியிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்கதான பாத்திரக்கடைக்காரரு? நான் சின்னத்தாயி. அழகுபாண்டியப் பெத்தவ."

பாலசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கக்கா, வாங்க..."

"அதெல்லாம் இருக்கட்டும். எம்மவன் பள்ளிக்கூடத்துக்குத் தட்டு குடுத்தானாம்ல? கோயிலுக்கு அண்டா குடுத்தானாம்ல? ஊரெல்லாம் பேசுது. எனக்கு வயிறு எரியுது."

"நல்ல காரியந்தானக்கா..."

"என்ன நல்ல காரியம்? நாலு வருசமா கிரைண்டர் வாங்கித் தாடான்னு கேக்குறேன். இந்தா அந்தாங்குறான். ஊர்ப் பிள்ளை தட்டுல சோறு திங்கணும், பெத்தவ ஆட்டுக்கல்லுல கையொடிய ஆட்டணுமா? எழுதுங்க. அவன் கணக்குல எனக்கு ஒரு கிரைண்டர்."

"அக்கா, தம்பிகிட்ட ஒரு வார்த்த..."

"என்னத்துக்கு? தட்டுக்குக் கேட்டீகளா எங்கிட்ட?"

நியாயமான கேள்வி. பாலசுந்தரம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே அதை ஊருக்குக் கொண்டுபோவாள். சொல்லாவிட்டால் ஒரு கிரைண்டர். விலை குறைந்த ஒன்றைக் காட்டினார். சின்னத்தாய் அதன் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த ஏழாயிரம் ரூபாய் கிரைண்டரைக் கைகாட்டினாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது, "அதுலயும் பேரு வெட்டுவீகளா?" என்று கேட்டாள். "வெட்டுறதுன்னா எம்பேரப் போடுங்க. அவன் பேரப் போட்டா எம்மருமக வந்து உரிமை கொண்டாடுவா."

பொங்கல் வந்தது. வில்லாபுரம் மைதானத்தில் மேடை, சீரியல் பல்பு, காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி. மேடையின் ஓரத்தில் பரிசுகள்: கட்டில், பீரோ, அண்டா, சைக்கிள். பாலசுந்தரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரங்கநாயகி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "பிளக்ஸ்ல எந்தச் சட்ட போடணும்னு மட்டும் சொல்லுங்க, இஸ்திரி போட்டு வைக்கிறேன்" என்று தமிழில்தான் சொன்னாள்.

அழகுபாண்டி வந்து இறங்கினான். விசில் பறந்தது. டிவியில் பார்த்ததைவிட உயரம், இடது காதில் பழைய தழும்பு, நடையில் மட்டும் அந்தப் பழைய வெறுங்கால் பையன். சோணை மைக்கைப் பிடித்தான். முகத்தில் பத்திரப் பதிவு நாளின் களை.

"ஏலத்தில் எங்களை விட்டுப் போனாலும், நூத்தம்பது தட்டு, ரெண்டு அண்டா என்று அள்ளி வழங்கிய வள்ளல் அழகுபாண்டி அவர்களே! உங்களுக்குப் பொன்னாடை போர்த்த, உங்க தர்மத்துக்கெல்லாம் சாட்சி, நம்ம பாத்திரக்கடை பாலசுந்தரம் அண்ணனை மேடைக்கு அழைக்கிறோம். அண்ணன் மேடையில் இருக்கும்போதே, தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி. இந்தத் தட்டு, அண்டா எல்லாம் நீங்க குடுத்ததுதானா? உங்க வாயால சொல்லுங்க. ஊரே கேக்குது."

பொய் உடையும் நேரத்தில் பாலசுந்தரத்தின் முகம் கூட்டத்துக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் சோணை அவரை மேடை ஏற்றினான். பாலசுந்தரம் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

அழகுபாண்டி மைக்கைக் கையில் வாங்கவில்லை. "இருங்கண்ணே, மொதல்ல அண்ணன் பொன்னாடையப் போடட்டும்" என்றான். குனிந்தான். சால்வை அவன் தோளில் விழுந்தது. இடது கையால் பாலசுந்தரத்தை இறுக்கி அணைத்தான். கூட்டம் கைதட்டியது. அப்போது, முன்பக்கம் தொங்கிய சால்வைக்கு அடியில், அவனுடைய வலது கை வந்து பாலசுந்தரத்தின் ஐந்து விரல்களையும் மொத்தமாகப் பிடித்தது.

மாட்டுச் சந்தையில் விலை பேசும் விதம் அது. வாங்குபவன் கையும் விற்பவன் கையும் துண்டுக்கு அடியில் போகும். வாய் வானிலையைப் பற்றிப் பேசும். விரல் விலையைப் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பதை மாட்டின் முகத்தைப் பார்த்தே இருவரும் தெரிந்துகொள்வார்கள். அழகுபாண்டியின் அப்பா மாட்டுத் தரகர். பையன் நடக்கப் பழகியதே சந்தையில்தான். பாலசுந்தரத்தின் பெரியப்பாக்களும் ஜரிகை வாங்கும்போது துணிக்கு அடியில் கைகோர்த்தவர்கள்தான். பாஷை இருவருக்கும் புரிந்தது. இங்கே மாடு எது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஐந்து விரல். அப்படியென்றால் ஐயாயிரம். 'ஆமாம்' என்று சொல்வதற்குக் கூலி கேட்கிறான்.

இவனுக்காகவா ஊரோடு மல்லுக்கட்டினோம்? இவன் குணத்துக்கா நான் சாட்சி? ஏலத்தில் போனவன் என்று சோணை சொன்னது சரிதான். இவன் இன்னும் ஏலத்திலேயே நிற்கிறான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பார்த்த கூட்டம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டியது.

மனசு உடைந்தாலும் கைக்குத் தொழில் மறக்கவில்லை. அது தானாகவே நகர்ந்து அழகுபாண்டியின் ஒரே ஒரு விரலைப் பிடித்தது.

அழகுபாண்டி திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். நாலு விரலைப் பிடித்தான். பாலசுந்தரம் ஒன்றிலேயே நின்றார். மூன்று. பாலசுந்தரம் விரலை விட்டுவிட்டுக் கையை உருவப் பார்த்தார்; கடைப்படி இறங்கும் வாடிக்கையாளர் செய்கிற வேலை. அழகுபாண்டி அவசரமாக இழுத்து இரண்டு விரலைப் பிடித்தான். பாலசுந்தரம் அழுத்தினார். முடிந்தது.

"என்னண்ணே, அம்புட்டுப் பாசமா? விட மாட்டேங்குறீக?" என்றான் சோணை மைக்கில்.

அழகுபாண்டி மைக்கை வாங்கினான். குரல் கணீரென்று இருந்தது.

"ஆமாய்யா. தட்டும் எங்காசு, அண்டாவும் எங்காசு. எங்காத்தாளுக்கு ஒரு கிரைண்டரும் வாங்கிக் குடுத்தேன், அத நீங்க சொல்லல. எல்லாம் அண்ணன் கடையிலதான் வாங்குனேன். இதுல பொய்யில்ல."

மைதானம் அதிர்ந்தது. பேயாண்டி பெஞ்சின் மேல் ஏறி ஆடினான். சோணை மைக்கைத் திரும்ப வாங்கவும் மறந்துவிட்டான். பந்தயத்தில் ஜெயித்த பாலசுந்தரம் மட்டும் தோற்றவரைப்போல மேடையை விட்டு இறங்கினார். ரெண்டாயிரத்துக்கு விலைபோனவன் 'இதுல பொய்யில்ல' என்றும் சொல்கிறானே! என்ன துணிச்சல்!

மறுநாள் காலையில் பாலசுந்தரம் நாலு ஐநூறு ரூபாய்த் தாளை ஒரு கவரில் போட்டுக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தார். குணத்தைப் பற்றி நறுக்கென்று நாலு வார்த்தை சொல்வதற்கும் தயாராக இருந்தார். பத்து மணிக்கு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி அழகுபாண்டி உள்ளே வந்தான்.

"வணக்கம்ணே. நேத்துப் பேசுனது..."

"மறக்கல தம்பி. எடுத்தே வச்சிருக்கேன்" என்று இறுக்கமாகச் சொல்லிவிட்டு, கவரை எடுக்கக் குனிந்தார் பாலசுந்தரம்.

தலைக்கு மேலே, கல்லாவில் இருந்த பேமென்ட் பெட்டி கணீரென்று பேசியது: "இருபதாயிரம் ரூபாய் பெறப்பட்டது."

நிமிர்ந்த வேகத்தில் அவர் தலை தொங்கிக்கொண்டிருந்த வாளியில் மோதியது.

"யாரு போட்டா?"

"நாந்தாண்ணே. நேத்து ரெண்டுல முடிச்சோம்ல?" அழகுபாண்டி செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். "ஆத்தா கிரைண்டரோட வந்து 'ஒங்கணக்குல வாங்குனேன்'னுச்சு. எனக்கு எங்கடா கணக்கிருக்குன்னு விசாரிச்சா, தட்டு, அண்டான்னு ஒவ்வொண்ணா வருது. உங்களப் பாக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள மேடையில வச்சு அந்தாளு கேட்டுட்டாரு. குடுக்காதத குடுத்தேன்னு சொல்ல நாக்கு வரலண்ணே. அதான் மொதல்ல வெலையப் பேசி வாங்கிட்டு, அப்புறம் சொன்னேன்."

பாலசுந்தரம் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப அஞ்சு விரல்னா..."

"அம்பதாயிரம். அம்புட்டு ஆயிருக்கும்னு நெனச்சேன். நீங்க பத்துல வந்து நின்னீங்க. நாப்பதுன்னேன், அசையல. முப்பதுன்னேன், கைய உருவுறீங்க! எம்புட்டுப் பெரிய மனசுண்ணே உங்களுக்கு. விக்கிறவன் வெலையக் குறைச்சு நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல. எங்கப்பாகிட்ட சொன்னேன், நம்பவே மாட்டேங்குறாரு."

பாலசுந்தரம் கவரைக் காலால் கல்லாவுக்கு அடியில் தள்ளினார்.

"தம்பி... இன்னொருக்கா ஒரு துண்டப் போட்டுப் பேசிப் பாப்பமா?"

"கைய விட்டா விட்டதுதான்ணே. அப்பா பேரு கெட்டுப்போகும்."

"அதுஞ்சரி" என்றார் பாலசுந்தரம். பிறகு, கேட்கவேண்டும் என்று ஐந்து மாதமாக இருந்ததைக் கேட்டார். "ஏந்தம்பி, ஏலத்தன்னிக்கு 'ஊர விட்டு வரமாட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? இங்க என்னப் போட்டுப் பிச்சு எடுத்துட்டாங்க."

"யாருட்டண்ணே சொல்லுறது? ஏலம் நடக்குறப்ப நான் ஆத்தாளுக்குப் பல்லுப் பிடுங்க ஆசுபத்திரியில உக்காந்திருந்தேன். எந்த டீமுன்னு அங்க மருந்து குடுக்கிறவருதான் போனப் பாத்துட்டுச் சொன்னாரு."

"சரி, தர்மம்?"

"அதெல்லாம் பழகலண்ணே. மொத வருசக் காசு கடனுக்குப் போச்சு. அடுத்தது அக்கா கல்யாணம். அதுக்கடுத்து காரு வாங்குனேன், அத மறைக்கல. ஆனா நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. பிள்ளைக கும்பிடுதுக, கோயில்ல மாலை போடுறாக." ஹெல்மெட்டை எடுத்தான். "தொடர்ந்து செய்யலாம்ணே. அடுத்து நான் என்ன குடுக்கப்போறேன்னு மட்டும் எனக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க."

வாசல்வரை போய்த் திரும்பினான்.

"அப்புறம்ணே, அந்தக் கிரைண்டர் ஓடுறப்ப ஒரு பக்கமா இழுக்குதாம். மாத்திக் குடுப்பீகளான்னு ஆத்தா கேக்கச் சொல்லுச்சு."

இரண்டு நாளில் பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் ஏறியது. சோணை வாக்குத் தவறவில்லை. அவன் வாழ்க்கையில் ஒரே ஆளுக்கு மட்டும் கொடுத்த ஒரே வாக்கு அதுவாகத்தான் இருக்கும். பத்துக்கு எட்டில் கைகூப்பி நின்றான். தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவனுக்கு அவன் அன்புத் தம்பி. பாலசுந்தரம் தினமும் கடை திறக்கும் முன் அங்கே போய் நின்று, பஸ் ஏறவேண்டிய வேலை எதுவும் இல்லாமலே சிறிது நேரம் பார்த்துவிட்டு வருவார்.

அப்படி நின்ற ஒரு காலையில், அவர் மனசுக்குள் வீட்டு பாஷையில் கணக்கை முடித்தார். விற்கிற விலைக்குப் போட்டால் தட்டு பதினெட்டாயிரம், அண்டா பதினோராயிரம், கிரைண்டர் ஏழாயிரம், வந்தது இருபதாயிரம், நஷ்டம் பதினாறாயிரம். இது சோணை காதில் விழவே கூடாதது. வாங்கின விலைக்குப் போட்டால் நஷ்டம் ஐயாயிரம். இது தனக்கு. எல்லாவற்றையும் பரணில் கிடந்த சரக்கு என்று வைத்து எடைக்குப் போட்டால், ஆறாயிரத்து ஐநூறு லாபம். இது ரங்கநாயகிக்கு, ஏற்கெனவே சொல்லியாயிற்று, வெள்ளிக் கிண்ணம் எப்போது என்று கேட்கிறாள்.

மூன்றிலும் அடங்காமல் ஒரு இனம் மட்டும் நின்றது. மேடையில், சால்வைக்கு அடியில், அந்தப் பையனைக் கூலிக்கு விலைபோகிறவன் என்று நினைத்தாரே, அது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தன்னுடைய பெரிய மனசு போய்விடும்.

கொடுத்தது: ஒரு பொய். வந்தது: ஒரு பிளக்ஸ். பாக்கி: அவனிடம் கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பு, வசூலிக்க அவனும் வரவில்லை, கட்ட இவரும் போகவில்லை.